வேதிப்பிணைப்பைச் சொந்தமாகப் படிக்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

பிளஸ் ஒன் வேதியியலைத் திறந்து, வேதிப்பிணைப்புப் பாடத்தின் நீளத்தைப் பார்த்து மலைத்து நிற்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பழைய படிப்பைத் தூசி தட்டும் பெற்றோருக்கும் இது உதவும்.

கடைகளுக்கு வரவு செலவு எழுதிக் கொடுப்பது என் தொழில். மகள் அறிவியல் பிரிவு எடுத்தபோது அவளோடு உட்கார்ந்து இந்தப் பாடத்தை அடியிலிருந்து படித்தேன். அவள் போன டியூஷனில், “ஒவ்வொரு அணுவும் எட்டு எலக்ட்ரானுக்கு ஆசைப்படுகிறது, அதனால்தான் இன்னொன்றோடு சேர்கிறது” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதற்கு அடங்காததையெல்லாம் விதிவிலக்கு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. பிள்ளைக்குப் பாடமே வெறுத்துப் போகும் நிலை வந்தது.

எட்டு என்பது எண்ணிச் சரிபார்க்க உதவும் ஒரு விதி. அணுக்கள் ஏன் சேர்கின்றன என்ற கேள்விக்கு விடை ஆற்றல் கணக்கில் இருக்கிறது: சேர்ந்தால் மொத்த ஆற்றல் குறைய வேண்டும், அவ்வளவுதான். முதலில் ஆற்றல், அப்புறம் எட்டு என்ற வரிசையில் படித்தால் மனப்பாடம் பெருமளவு குறைந்துவிடும்.

1. கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும்

தமிழ்நாடு பாடநூலில் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் இரண்டு தொகுதிகள். வேதிப்பிணைப்பு இருப்பது இரண்டாம் தொகுதியில். அதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு படிக்க உட்காராதீர்கள். இதற்குத் தேவையான அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை மூன்றும் முதல் தொகுதியில், தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு பாடத்தில் இருக்கின்றன. அயனிச் சேர்மத்தின் முழு ஆற்றல் கணக்கு அதே தொகுதியின் வெப்ப இயக்கவியல் பாடத்தில் இருக்கிறது. பார்ன்–ஹேபர் சுழற்சி என்ற பெயரில் தேடுங்கள். அடிப்படை ஆட்டம் கண்டிருந்தால் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகமும் வேண்டும்.

இவை எல்லாமே அரசு தளத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுத்து கைடு வாங்கத் தேவையில்லை. கையளவு தனிம வரிசை அட்டவணை ஒன்றை அச்செடுத்து நோட்டின் உள் அட்டையில் ஒட்டிவிடுங்கள்.

இவை போக: ஒரு நீள நோட்டு, ஒரு பாக்கெட் பலூன், ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்இடி விளக்கு, 470 ஓம் மின்தடை ஒன்று, கொஞ்சம் வயர், இரண்டு பென்சில். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மூலக்கூறு மாதிரி செய்யும் பிளாஸ்டிக் பெட்டி ஆன்லைனில் கிடைக்கிறது. பல நூறு ரூபாய் ஆகும். இந்தப் பாடத்துக்கு அது அவசியம் என்று நான் நினைக்கவில்லை.

நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று வாரம் பிடிக்கும். அதில் ஒரு வாரத்தை லூயிஸ் அமைப்புக்கு (வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளியும் கோடுமாகக் காட்டும் படம்) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் மோலுக்கு கிலோஜூல் கணக்கு. ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை.

2. வெளிக்கூட்டை எண்ணிப் பழகுங்கள்

இதற்கு ஒரே நாள் போதும். முதல் இருபது தனிமங்களுக்கு வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று பார்க்காமல் சொல்ல வர வேண்டும். கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜனுக்கு 6, குளோரினுக்கு 7. இங்கே தடுமாறினால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தப்பும். ஆகவே இது சரளமாக வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை அருகே கொண்டுவந்து பாருங்கள்

பாடத்தின் உயிர் இங்கேதான். ஒரு வரைபடம் போட வேண்டும். கிடையாக இரண்டு அணுக்கருக்களுக்கு நடுவே உள்ள தூரம், செங்குத்தாக ஆற்றல். புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் உங்கள் கையால் வரையுங்கள்.

இரண்டு அணுக்களும் வெகு தூரத்தில் இருக்கும்போது ஆற்றலை பூஜ்ஜியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருங்க நெருங்க, ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு அணுக்கருக்கள் இழுக்கின்றன. கோடு கீழே இறங்குகிறது. கூடவே எலக்ட்ரானும் எலக்ட்ரானும் விலக்குகின்றன, அணுக்கருவும் அணுக்கருவும் விலக்குகின்றன. 74 பிக்கோமீட்டர் தூரம் வரை இழுப்பின் கை ஓங்கி இருக்கிறது. அதற்குமேல் நெருக்கினால் அணுக்கருக்களின் விலக்கம் ஓங்கி, கோடு செங்குத்தாக மேலே ஏறிவிடுகிறது. அந்த அடிமட்டப் புள்ளிதான் பிணைப்பு நீளம். அங்கிருந்து பிரித்து மறுபடி தூரத்துக்குக் கொண்டுபோக 436 செலவாகிறது. அதுதான் பிணைப்பு ஆற்றல்.

இந்தக் கோட்டில் எட்டு எங்கேயும் வரவில்லை பாருங்கள். ஹைட்ரஜனுக்கு இரண்டுதானே என்பீர்கள், இரண்டும் வரவில்லை. இழுப்பும் விலக்கமும் மட்டும்தான் இருந்தன.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற இலவசத் தளத்தில் அணுக்களை இழுத்து நகர்த்தி இதே மாதிரியான கோட்டைப் பார்க்கலாம். செல்போனிலேயே ஓடும். ஆனால் கையால் வரைந்த பிறகு போங்கள், முன்னால் வேண்டாம்.

4. சாப்பாட்டு உப்பின் கணக்கை ஒரு தடவை முழுசாகப் போடுங்கள்

சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிக்கிறது, குளோரின் வாங்கத் துடிக்கிறது என்று படித்திருப்பீர்கள். நோட்டில் இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் வரவு என்று பேரேடு மாதிரி கோடு போட்டு, அது உண்மையா என்று பாருங்கள்.

வாயு நிலையில் உள்ள ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 செலவு. அந்த எலக்ட்ரானைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது வரும் வரவு 349. கையைக் கடிக்கிறது: 147 நஷ்டம். அதாவது, தனித்தனியாகத் தூரத்தில் நிற்கும் சோடியமும் குளோரினும் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொண்டால் ஆற்றல் கூடத்தான் செய்யும். எந்தத் துடிப்பும் அங்கே இல்லை.

இன்னும் செலவு பாக்கியிருக்கிறது. கட்டியாக இருக்கும் சோடியத்தை வாயு அணுக்களாக்க 108. குளோரின் மூலக்கூறுகளைப் பிரித்து ஒரு மோல் அணுவாக்க 122. மொத்தச் செலவு 108, 122, 496 மூன்றும் சேர்ந்து 726.

இப்போது வரவைப் பாருங்கள். நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நெருங்கி வந்து, ஒவ்வொன்றையும் எதிர்ச்சுமை கொண்ட ஆறு பேர் சூழும்படி படிகமாக அடுக்கப்படுகின்றன. அப்போது வெளிவரும் படிகக்கூடு ஆற்றல் 788. அதோடு அந்த 349. மொத்த வரவு 1137. மிச்சம் 411 லாபம். அட்டவணையில் சோடியம் குளோரைடு உருவாகும் வெப்பம் என்று தேடினால் அதே எண் கிடைக்கும்.

உப்பு உருவாவதற்குக் காரணம் எலக்ட்ரான் கைமாறுவது இல்லை, கைமாறிய பிறகு அயனிகள் நெருங்கி அடுக்கிக்கொள்வது. இந்த ஒரு கணக்கைப் போட்டபோதுதான் என் மகளுக்குப் பாடம் பிடித்துப் போனது.

அடுத்து இதே நோட்டில் ஒரு சோதனை. சோடியம் ஏன் இரண்டு எலக்ட்ரான் தருவதில்லை? இரண்டாவதைப் பிடுங்க 4562 ஆகிறது, ஏனென்றால் அது உள்கூட்டிலிருந்து வர வேண்டும். இரண்டு குளோரின்களைச் சேர்த்து ஒரு கற்பனைச் சேர்மம் செய்தால் செலவு 5400-ஐத் தாண்டும். இரட்டைச் சுமை என்பதால் படிகக்கூடு ஆற்றல் கூடும்தான். பக்கத்து வீட்டுக்காரரான மெக்னீசியத்தின் குளோரைடுக்கு அது 2500 அளவில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து, குளோரின்கள் எலக்ட்ரான் வாங்கும் வரவு 698-ஐயும் சேர்த்தால் சுமார் 3200. இரண்டாயிரத்துக்கு மேல் நஷ்டம். யாரும் தடுக்காமலேயே அந்தச் சேர்மம் உருவாகாது.

மெக்னீசியத்துக்கோ முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1451, மூன்றாவது 7733. இரண்டு வரை கொடுத்தால் லாபம், மூன்றாவதில் நஷ்டம். “எட்டு நிறைய வேண்டும்” என்ற விதி எங்கிருந்து முளைத்தது என்பது இப்போது தெரியும். உள்கூட்டைத் தொட்டால் செலவு எகிறுகிறது. லாபம் நிற்கும் இடமும் கூடு நிறையும் இடமும் ஒன்றாக வந்து விழுகின்றன.

இன்னொன்றும் பாருங்கள். ஆக்சிஜன் முதல் எலக்ட்ரானை வாங்கும்போது 141 வரவு. இரண்டாவதைத் திணிக்க 700-க்கு மேல் செலவு. எட்டு நிறையப்போகிறது, ஆனாலும் தனியாக நிற்கும் ஆக்சிஜன் அதை விரும்பி வாங்குவதில்லை. மெக்னீசியம் ஆக்சைடில் அது சாத்தியமாவதற்குக் காரணம், இரட்டைச் சுமைகள் இழுத்துக்கொள்ளும் மிகப் பெரிய படிகக்கூடு ஆற்றல். அதனால்தான் சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருக, மெக்னீசியம் ஆக்சைடு 2800-ஐத் தாண்டிய பிறகே உருகுகிறது.

5. அயனியா, சகப்பிணைப்பா என்று முடிவு செய்தல்

எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) வித்தியாசம் 1.7-க்கு மேல் என்றால் அயனி, கீழே என்றால் சகப்பிணைப்பு (எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வது) என்று ஒரு சூத்திரம் எல்லா நோட்டிலும் இருக்கும். முதல் கணிப்புக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுக்கக் கூடாது. ஹைட்ரஜன் ஃப்ளூரைடில் வித்தியாசம் 1.78, ஆனாலும் அது 20 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும் சகப்பிணைப்பு மூலக்கூறு. சோடியம் ஹைட்ரைடில் வித்தியாசம் வெறும் 1.27, அது அயனித் திண்மம்.

தேர்வறையில் பாதுகாப்பான வழி: உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி என்று தொடங்குங்கள். நேர்மின் அயனி சின்னதாகவும் சுமை அதிகமாகவும் இருந்தால், எதிர்மின் அயனி பெரிதாகவும் இருந்தால், சகப்பிணைப்புத் தன்மை எட்டிப்பார்க்கும். அலுமினியம் ஃப்ளூரைடு அயனித் திண்மமாக நிற்க, அலுமினியம் குளோரைடு 180 டிகிரி அளவில் பதங்கமாகிவிடுவது இதனால்தான். ஃபஜான் விதி என்ற தலைப்பில் இது வரும்.

உலோகப் பிணைப்புக்கு அரை மணி போதும். ஒவ்வொரு உலோக அணுவும் எத்தனை எலக்ட்ரான்களைப் பொதுவில் விடுகிறது என்று பாருங்கள். சோடியம் ஒன்றை விடுகிறது, 98 டிகிரியில் உருகுகிறது. மெக்னீசியம் இரண்டை விடுகிறது, 650-இல் உருகுகிறது.

வீட்டுச் சோதனைக்கு இது சரியான இடம். பேட்டரி, மின்தடை, எல்இடி மூன்றையும் தொடராக இணைத்து, இரண்டு முனைகளிலும் இருபுறமும் சீவிய பென்சில்களை மாட்டுங்கள். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட், மின்சாரம் கடத்தும். எல்இடி ஒரு பக்கமாகத்தான் எரியும். எரியவில்லை என்றால் கால்களை மாற்றிப் போடுங்கள். உலர்ந்த உப்பில் முனைகளைக் குத்தினால் எரியாது. சர்க்கரைத் தண்ணீரிலும் எரியாது. உப்புத் தண்ணீரில் சட்டென்று எரியும், முனையைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் வரும். அயனிகள் நகர முடிந்தால்தான் மின்சாரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. சில வினாடிகளில் நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் உப்புத் தண்ணீரில் குளோரின் வாயு கொஞ்சம் உண்டாகும், ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டு பிளக் பாயிண்ட்டில் இதைச் செய்துபார்க்க எந்தக் காரணத்துக்காகவும் முயல வேண்டாம், உயிர் போய்விடும்.

6. லூயிஸ் அமைப்பு: ஒரு வாரம் இங்கேயே இருங்கள்

மதிப்பெண் அதிகம் பறிபோவதும் இங்கே, கிடைப்பதும் இங்கே. கார்பனேட் அயனியை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் மொத்த எலக்ட்ரான். கார்பனுக்கு 4, மூன்று ஆக்சிஜனுக்கு 18, இரண்டு எதிர்மின் சுமைக்கு 2. ஆக 24. எதிர்மின் சுமைக்குக் கூட்ட வேண்டும், நேர்மின் சுமைக்குக் கழிக்க வேண்டும். அவசரத்தில் இதை மாற்றிப் போடுவதுதான் மிக அதிகமாக நடக்கும் பிழை. எண்ணிக்கையைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக் கட்டம் கட்டிவிடுங்கள். கடைசியில் சரிபார்க்க வேண்டும்.

அப்புறம் நடுவே கார்பன், சுற்றி மூன்று ஆக்சிஜன். பொதுவாகக் கவர்தன்மை குறைந்தது நடுவில் வரும். ஹைட்ரஜன் மட்டும் ஒருநாளும் நடுவில் வராது. மூன்று ஒற்றைப் பிணைப்புக்கு 6 எலக்ட்ரான் போனது, மீதி 18. அதை ஓரத்தில் நிற்கும் ஆக்சிஜன்களுக்கு ஆளுக்கு ஆறாகப் பிரித்துக் கொடுங்கள். 24-உம் தீர்ந்தது. ஆனால் கார்பனைச் சுற்றி ஆறுதான் இருக்கிறது. புதிதாக எலக்ட்ரான் சேர்க்கக் கூடாது. ஏதாவது ஒரு ஆக்சிஜனின் தனித்த இரட்டையை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) உள்ளே தள்ளி இரட்டைப் பிணைப்பாக்குங்கள். கார்பனுக்கும் எட்டு வந்துவிட்டது.

அடுத்து முறைசார் மின்சுமை. அணுவின் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து (வெளிக்கூட்டில் உள்ளவை) அதன் தனித்த எலக்ட்ரான்கள் முழுவதையும், பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழிக்க வேண்டும். இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கு 6 கழித்தல் 4 கழித்தல் 2, பூஜ்ஜியம். ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜன்களுக்கு 6 கழித்தல் 6 கழித்தல் 1, மைனஸ் 1. கார்பனுக்குப் பூஜ்ஜியம். கூட்டினால் மைனஸ் 2. அயனியின் சுமையும் அதுதான். சரி, கணக்கு ஒத்துவிட்டது. ஒத்துவராவிட்டால் எங்கோ எலக்ட்ரான் தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே போகாமல் தேடுங்கள்.

எந்த ஆக்சிஜனின் இரட்டையை உள்ளே தள்ளுவது என்று கேட்பீர்கள். மூன்றில் எதையும் தள்ளலாம், ஆகவே மூன்று படங்கள் வரும். இதை உடனிசைவு என்கிறார்கள். இங்கே ஒரு பெரிய பொறி: பிணைப்பு மூன்று படங்களுக்கு நடுவே மாறி மாறித் தாவுவதாக நினைத்துவிடக் கூடாது. அளந்து பார்த்தால் மூன்று பிணைப்புகளும் ஒரே நீளம், 129 பிக்கோமீட்டர் அளவு. ஒற்றையைவிடக் குட்டை, இரட்டையைவிட நெட்டை. இருப்பது ஒரே அமைப்பு. அதைக் காட்ட நம்மிடம் இருக்கும் எழுத்து முறைக்கு மூன்று படம் தேவைப்படுகிறது.

நாளுக்கு ஐந்து வீதம் போடுங்கள். நீர், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, அம்மோனியம் அயனி, நைட்ரேட், சல்ஃபர் டை ஆக்சைடு, ஓசோன் என்று ஆரம்பியுங்கள். எட்டுக்கு அடங்காதவற்றைக் கடைசி இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: போரான் ட்ரை ஃப்ளூரைடில் போரானைச் சுற்றி 6, பாஸ்பரஸ் பென்டா குளோரைடில் பாஸ்பரஸைச் சுற்றி 10, சல்ஃபர் ஹெக்சா ஃப்ளூரைடில் சல்ஃபரைச் சுற்றி 12. நைட்ரிக் ஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான் மொத்தமே 11, ஒற்றைப்படை. எல்லோருக்கும் எட்டு கொடுக்கவே வழியில்லை. ஆற்றல் கணக்கைப் படித்துவிட்டு வந்தவர்களை இவை மிரட்டாது. சேர்ந்தால் லாபம், அதனால் சேர்ந்திருக்கின்றன.

7. வடிவத்துக்குப் பலூன் போதும்

நான்கு பலூன்களை ஒரே அளவில் ஊதுங்கள். இரண்டிரண்டாகக் கழுத்தில் முடிந்து, இரண்டு ஜோடிகளையும் நடுவில் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்குங்கள். மேஜையில் போட்டு விடுங்கள். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூன்று பலூன் தரையில் காலூன்ற, ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். அதுதான் நான்முகி, மீத்தேனின் 109.5 டிகிரி. எந்தப் பக்கம் உருட்டினாலும் அப்படியே வந்து நிற்கும். ஒன்றை உடைத்துவிட்டால் மீதி மூன்று தட்டையாகப் படுத்து 120 டிகிரிக்கு வரும். இன்னொன்றும் போனால் நேர்கோடு, கார்பன் டை ஆக்சைடு மாதிரி 180.

எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்த அளவு தள்ளி நிற்கின்றன என்பதுதான் மொத்தக் கொள்கையும். தனித்த இரட்டைக்கு வேறு நிறப் பலூன் போட்டுக்கொள்ளுங்கள். வடிவத்தின் பெயரைச் சொல்லும்போது தனித்த இரட்டைகளைப் பார்க்கக் கூடாது, அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்க்க வேண்டும். அம்மோனியாவின் நான்கு இரட்டைகளும் நான்முகியாக நின்றாலும் மூலக்கூறு முக்கோண பிரமிடு; நீர் வளைந்த வடிவம். தேர்வில் இதை நான்முகி என்று எழுதி மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறைய.

தனித்த இரட்டை கொஞ்சம் அதிக இடம் பிடிக்கும். அதனால் அம்மோனியாவில் கோணம் 107-க்கும் நீரில் 104.5-க்கும் குறைகிறது. பலூனில் இந்தக் குறைவு தெரியாது, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நீருக்கு 104.5 என்பதால் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் அப்படியே எழுதாதீர்கள். அங்கே 92 டிகிரி.

இனக்கலப்பை (ஒரு அணுவின் ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான் இருக்கும் இடங்கள், கலந்து புதியவை ஆவது) இதற்கு அப்புறம் படியுங்கள். வடிவம் தெரிந்தபின் இனக்கலப்பை எழுதுவது ஒரு நிமிட வேலை. தலைகீழாகப் போனால் இரண்டும் குழம்பும்.

8. பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வரும் என்ற பொறி

இதை நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளே தப்பாகச் சொல்கிறார்கள். பிணைப்பை உடைக்க எப்போதும் செலவுதான். உருவாகும்போதுதான் வரவு. மூன்றாம் படியில் வரைந்த கோட்டைப் பாருங்கள். பள்ளத்திலிருந்து மேலே ஏறினால் ஆற்றல் எப்படி வெளிவரும்?

மீத்தேன் எரிவதைக் கணக்குப் போடுங்கள். நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு, தலா 413. இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறு, தலா 498. மொத்தச் செலவு 2648. உருவாவது கார்பன் டை ஆக்சைடில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, தலா 799. இரண்டு நீர் மூலக்கூறில் நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, தலா 463. வரவு 3450. மிச்சம் 802. அடுப்புச் சூடு இந்த மிச்சத்திலிருந்து வருகிறது. புத்தகத்தில் 890 என்று பார்த்துவிட்டுக் குழம்பாதீர்கள். அது விளைவாகும் நீர் திரவமாகக் குளிர்ந்தபின் உள்ள கணக்கு.

உயிரியல் எடுத்தவர்கள், உடல் செல்களில் ஆற்றலைக் கொண்டுபோகும் ஏடிபி மூலக்கூறில் “உயராற்றல் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளியாகிறது” என்று படிப்பார்கள். அங்கேயும் பழைய பிணைப்பை உடைக்கச் செலவு உண்டு. நீரோடு வினைபுரிந்து உருவாகும் புதிய அமைப்பு இன்னும் உறுதியானது என்பதால்தான் மிச்சம் வருகிறது. இரண்டு பாடத்துக்கும் ஒரே விதிதான்.

இன்னொரு பொறி இங்கேயே. இரட்டைப் பிணைப்பு என்றால் ஒற்றையைப் போல இரு மடங்கு பலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்பன்–கார்பன் ஒற்றைக்கு 347, இரட்டைக்கு 614, மும்மைக்கு 839. நீளம் முறையே 154, 134, 120 பிக்கோமீட்டர். இந்த ஆறு எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வது தப்பில்லை.

9. மூலக்கூறுக்குள்ளே எது, மூலக்கூறுகளுக்கு நடுவே எது

தண்ணீர் கொதிக்கும்போது என்ன உடைகிறது? ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு என்று எழுதினால் பூஜ்ஜியம். ஆவியும் நீர்தான். உடைவது மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பு. அதன் பலம் 20-ஐ ஒட்டியது. உள்ளே இருப்பது 463. நீர் 100 டிகிரியில் கொதிக்க, அதே குடும்பத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு மைனஸ் 60-இல் கொதித்துவிடுவதற்கு அந்த 20 போதும்.

சமையலறையில் இதைப் பார்த்துவிடலாம். பழைய எவர்சில்வர் கரண்டியில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்துச் சூடாக்கினால் சீக்கிரமே உருகி, பழுப்பேறும். தூள் உப்பை வைத்தால் கரண்டி சிவக்கிற வரை காத்திருந்தாலும் உப்பு உப்பாகவே இருக்கும். சர்க்கரை உருக மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று நகர்ந்தால் போதும். உப்பு உருக அந்தப் படிகக்கூடே ஆட்டம் காண வேண்டும். கல் உப்பை வைக்காதீர்கள். திருஷ்டி கழித்து அடுப்பில் போடும்போது படபடவென்று தெறிக்குமே, அதே மாதிரி முகத்தில் தெறிக்கும். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிப் படிகத்தை உடைப்பதால் வரும் சத்தம் அது. பூஜைக் கற்பூரத்தை அடுப்பு கிட்டே கொண்டுபோகவே வேண்டாம். திறந்த தட்டில் சில நாள் விட்டால் தானே கரைந்து போவதைப் பாருங்கள்; மூலக்கூறுகளுக்கு நடுவே பிடிப்பு அவ்வளவு குறைவு.

10. மூலக்கூறு ஆர்பிட்டால்: கடைசியாக, ஆனால் விட்டுவிடாமல்

பலர் இதைத் தேர்வுக்கு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், இரண்டு மாலை போதும், கேள்வி நிச்சயம் என்று சொல்லும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் பகுதி இது. ஆக்சிஜன் மூலக்கூறுக்கு லூயிஸ் படம் போட்டால் எல்லா எலக்ட்ரானும் ஜோடியாக இருக்கும். ஆனால் திரவ ஆக்சிஜனைக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அங்கேயே ஒட்டி நிற்கிறது. ஜோடி சேராத எலக்ட்ரான் இருந்தால்தான் அப்படி நிற்கும். லூயிஸ் படத்தால் இதைச் சொல்ல முடியாது.

இரண்டு அணுக்களின் ஆர்பிட்டால்கள் சேர்ந்தால், ஆற்றல் குறைந்த பிணைப்பு ஆர்பிட்டால் ஒன்றும் ஆற்றல் கூடிய எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால் ஒன்றும் வரும். பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களிலிருந்து எதிர்ப்பிணைப்பில் உள்ளவற்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் பிணைப்புத் தரம். முதலில் ஹீலியத்துக்குப் போடுங்கள்: 2 கழித்தல் 2, பூஜ்ஜியம். லாபம் இல்லை, சேர்வதில்லை. ஆக்சிஜனின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 12; பிணைப்பில் 8, எதிர்ப்பிணைப்பில் 4. தரம் 2. கடைசி இரண்டும் சம ஆற்றல் கொண்ட இரு எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களில் தனித்தனியாக உட்காருகின்றன. காந்தம் இழுப்பது அவற்றால்.

வரிசையில் ஒரு பொறி உண்டு: நைட்ரஜன் வரை சிக்மா (அணுக்கருக்களை இணைக்கும் கோட்டின் மேல் அமைவது), பை (கோட்டின் பக்கவாட்டில் அமைவது) நிலைகளின் அடுக்கு ஒரு மாதிரி, ஆக்சிஜனிலிருந்து வேறு மாதிரி. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஆக்சிஜனிலிருந்து ஒரு எலக்ட்ரானை எடுத்துவிட்டும், ஒன்று கூட்டியும் தரத்தைக் கண்டுபிடியுங்கள். எடுத்தால் 2.5, கூட்டினால் 1.5 வர வேண்டும். பிறகு நீளத்தோடு ஒப்பிடுங்கள்: நேர்மின் அயனி 112, மூலக்கூறு 121, எலக்ட்ரான் கூடிய அயனியான சூப்பர் ஆக்சைடு 134 பிக்கோமீட்டர் அளவில். இது சரியாக வந்தால் அடுத்த நாளே கரிம வேதியியலின் அடிப்படைகள் பாடத்தைத் தொடங்கிவிடலாம். இடைவெளி விட்டால் இனக்கலப்பு மறந்துபோகும், அங்கே முதல் பக்கத்திலிருந்தே அது தேவைப்படும்.